சின்னக் கருவிக்குள் பெரிய இயங்குதளம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிறு கருவிகளை வடிவமைப்பவர்களுக்கும், அவற்றைத் தொழிற்சாலைக்கோ மருத்துவமனைக்கோ வாங்கிப் போடுபவர்களுக்கும் இந்தப் பக்கம். மேசைக் கணினிக்கென்று எழுதப்பட்ட இயங்குதளத்தை மீட்டரிலும் பில்லிங் மெஷினிலும் காரின் டாஷ்போர்டிலும் ஏற்றச் சொல்லும் அழுத்தம் முப்பது ஆண்டுகளாக இருக்கிறது. கருவி எத்தனை ஆண்டு உழைக்க வேண்டும் என்று முதலில் எழுதிவைத்துவிட்டு, பிறகுதான் இயங்குதளப் பட்டியலைத் திறக்க வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து.

எந்த அளவுக்கு மேல் போனால் "பெரிய" இயங்குதளம்?

சிப்பை வைத்துச் சொல்வது எளிது. பலரும் பயன்படுத்தும் எஸ்டிஎம்32எஃப்103சி8 மைக்ரோகன்ட்ரோலரில் (புராசசரும் நினைவகமும் ஒரே சிப்பில் அடங்கியது) 64 கே.பி. ஃப்ளாஷ் (மின்சாரம் போனாலும் அழியாத நினைவகம்), 20 கே.பி. ராம். ஆர்பி2040 சிப்பில் ராம் 264 கே.பி., இஎஸ்பி32-இல் 520 கே.பி. இவற்றில் குறித்த நேரத்துக்குள் வேலையை முடிக்கும் ஃப்ரீஆர்டிஓஎஸ் போன்ற நிகழ்நேர இயங்குதளம் தாராளமாக ஓடும். அதன் கெர்னல், அதாவது மையப் பகுதி, பிடிக்கும் இடம் வழக்கமாக 6 முதல் 12 கே.பி.

லினக்ஸ் அடுத்த படி. ரவுட்டர்களுக்கான ஓப்பன்டபிள்யூஆர்டி, 21.02 பதிப்பிலிருந்து 8 எம்.பி. ஃப்ளாஷும் 64 எம்.பி. ராமும் குறைந்தபட்சத் தேவை என்று அறிவித்தது. விண்டோஸ் 10 ஐஓடி கோர், திரையே இல்லாத கருவிக்கும் 256 எம்.பி. ராமும் 2 ஜி.பி. சேமிப்பும் கேட்டது. விண்டோஸ் 10 ஐஓடி என்டர்பிரைஸின் 64 பிட் பதிப்புக்கு 2 ஜி.பி. ராம் வேண்டும். ஆர்பி2040-இல் இருப்பதைப் போல ஏறக்குறைய 8,000 மடங்கு.

இந்த இரண்டு உலகங்களுக்கும் நடுவே உள்ள எல்லைக்கோடு எம்எம்யு என்ற நினைவக மேலாண்மைச் சுற்று. கார்டெக்ஸ்-எம் சிப்புகளில் அது கிடையாது. கார்டெக்ஸ்-ஏ சிப்புகளில் உண்டு. எம்எம்யுவும் வெளியே தனியாக டிடிஆர் ராமும் கேட்கும் எதையும் இந்தப் பக்கத்தில் பெரியது என்கிறோம்.

பெரிய நிறுவனங்கள் ஏன் இதை விடாமல் தள்ளுகின்றன?

ஒரே கெர்னல், ஒரே டிரைவர் (வன்பொருளை இயக்கும் நிரல்) மாதிரி, ஒரே மேம்பாட்டுக் கருவிகள் என்றால் அவர்களுக்குப் பராமரிப்புச் செலவு குறைகிறது. ஏற்கெனவே அந்த இயங்குதளத்தில் நிரல் எழுதத் தெரிந்தவர்கள் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களைக் கொண்டு கருவியையும் செய்துவிடலாம் என்பது வாங்குபவருக்குச் சொல்லப்படும் காரணம். அது பொய்யில்லை. சி மொழியில் இன்டரப்ட் (வன்பொருள் அழைத்ததும் உடனே ஓடும் நிரல்) எழுதத் தெரிந்தவரைத் தேடிப் பிடிப்பது உண்மையிலேயே கடினம்.

இன்னொரு காரணம் கிளவுட். கருவியை விற்பது ஒருமுறை. அதன் தரவைச் சேமிக்கும் சேவைக்கு மாதாமாதம் கட்டணம் வரும். இயங்குதளம் இலவசம் என்றால், வருமானம் வேறு எந்த வழியில் வருகிறது என்று கேட்டுவிடுங்கள்.

விண்டோஸ் சிஇ-யும் இந்த ரகம்தானா?

இல்லை, அதற்கு நியாயம் செய்ய வேண்டும். 1996 நவம்பரில் வந்த விண்டோஸ் சிஇ, மேசைக் கணினியின் விண்டோஸைச் சுருக்கிச் செய்ததல்ல. தனியாக எழுதப்பட்ட கெர்னல். வேண்டிய பாகங்களை மட்டும் பொறுக்கி எடுத்து ஒரு எம்.பி. அளவு நினைவகத்திலேயே ஓட வைக்க முடிந்தது. 5.0 பதிப்பு வரை ஒரே நேரத்தில் 32 புராசஸ் (ஓடும் நிரல்), ஒவ்வொன்றுக்கும் 32 எம்.பி. என்ற கட்டுப்பாடு இருந்தது. 2006-இல் வந்த 6.0 அதை நீக்கியது.

சிக்கல் பின்னால் வந்தது. சிஇ-யின் வாரிசான விண்டோஸ் எம்பெடட் காம்பாக்ட் 2013-க்கு 2023 அக்டோபர் 10 அன்று ஆதரவு முடிந்தது. அதற்குப் பிறகு கைகாட்டப்பட்ட பாதை மேசைக் கணினியின் கெர்னலை வைத்துச் செய்த விண்டோஸ் 10 குடும்பம். 64 எம்.பி. ராமில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த பார்கோடு ஸ்கேனருக்குப் போர்டையே மாற்றாமல் அந்தப் பாதையில் போக வழியில்லை.

ராம் விலைதான் மலிந்துவிட்டதே, பிறகென்ன?

சிப்பின் விலை மட்டும் மலிந்திருக்கிறது. வெளி டிடிஆர் ராம் வைத்தால் போர்டு பெரும்பாலும் நான்கு அல்லது ஆறு அடுக்காகிறது, தடங்களின் நீளத்தைச் சமப்படுத்த வேண்டியிருக்கிறது, பல மின்னழுத்தங்களை வரிசை தவறாமல் ஏற்றும் தனி மின் மேலாண்மைச் சிப் தேவைப்படுகிறது. இணைப்புகள் அடியில் மறைந்திருப்பதால் சாலிடரிங் அயர்னால் பழுதுபார்க்க முடியாத பிஜிஏ பாகங்கள் வந்துவிடுகின்றன.

பேட்டரிக் கருவியில் வித்தியாசம் இன்னும் கடுமை. சிஆர்2032 பொத்தான் பேட்டரியில் சுமார் 220 மில்லி ஆம்பியர்-மணி இருக்கும். சராசரியாக 10 மைக்ரோ ஆம்பியர் இழுக்கும் மைக்ரோகன்ட்ரோலர் அதில் கணக்குப்படி 22,000 மணி நேரம், அதாவது இரண்டரை ஆண்டு ஓடும். டிடிஆர் ராமை உயிரோடு வைத்திருக்க மட்டும் 5 மில்லி ஆம்பியர் போகிறது என்றால் 44 மணி நேரத்தில் பேட்டரி காலி.

எண்ணிக்கை பெருகும்போது நிறுவனங்கள் எந்தப் பக்கம் சாய்கின்றன என்பதற்கு லிங்க்சிஸ் டபிள்யூஆர்டி54ஜி ரவுட்டர் நல்ல சான்று. 2005-இல் அதன் ஐந்தாம் பதிப்பில் லினக்ஸை எடுத்துவிட்டு விஎக்ஸ்ஒர்க்ஸ் என்ற சிறு நிகழ்நேர இயங்குதளத்தைப் போட்டார்கள். ஃப்ளாஷ் 4 எம்.பி.யிலிருந்து 2 ஆனது, ராம் 16 எம்.பி.யிலிருந்து 8 ஆனது. லினக்ஸ் வேண்டும் என்றவர்களுக்கு டபிள்யூஆர்டி54ஜிஎல் என்று தனி மாதிரி வந்தது.

பெரிய இயங்குதளம் போட்ட கருவி சில ஆண்டுகளில் செத்துப்போவது ஏன்?

பெரும்பாலும் ஃப்ளாஷ் தேய்மானம். மேசைக் கணினி இயங்குதளம் ஓய்வாக இருக்கும்போதும் எழுதிக்கொண்டே இருக்கும்: லாக், தற்காலிகக் கோப்பு, புதுப்பிப்புச் சோதனை, தேடல் அட்டவணை. எஸ்எஸ்டியில் அது உறைக்காது. போர்டில் சாலிடர் செய்த 8 ஜி.பி. இஎம்எம்சி என்ற ஃப்ளாஷ் சிப்பில் உறைக்கும்.

டெஸ்லா கார்கள் இதை ஊரறியச் செய்தன. 2012 முதல் 2018 வரையிலான மாடல் எஸ், 2016 முதல் 2018 வரையிலான மாடல் எக்ஸ் கார்களின் திரைக் கணினியில் லினக்ஸும் 8 ஜி.பி. இஎம்எம்சியும் இருந்தன. ஒவ்வொரு பிளாக்கும் 3,000 முறை அழித்து எழுதத் தாங்கும். நாளொன்றுக்குச் சராசரியாக 1.4 சுழற்சி என்ற கணக்கில் ஐந்தாறு ஆண்டுகளில் அது தீர்ந்துவிடும் என்று அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் கணித்தது. சிப் போனதும் பின்புறக் கேமரா வராது, கண்ணாடியில் படியும் ஈரத்தை நீக்கும் அமைப்புகள் திரையில் கிடைக்காது. 2021 பிப்ரவரியில் சுமார் 1,35,000 கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன.

உங்கள் கருவிக்கு இந்தக் கணக்கை முன்கூட்டியே போட்டுவிடலாம். 8 ஜி.பி. சிப், 3,000 சுழற்சி என்றால் மொத்தம் எழுதத் தாங்குவது 24,000 ஜி.பி. மென்பொருள் நாளைக்கு 3 ஜி.பி. எழுதுகிறது, சின்னச் சின்னதாக எழுதுவதால் சிப்புக்குள் அது ஆறு மடங்காகிறது என்று வையுங்கள்: நாளைக்கு 18 ஜி.பி. வகுத்தால் 1,333 நாள், நான்கு ஆண்டுகூட இல்லை. அதே மென்பொருளை நாளைக்கு 100 எம்.பி.க்குக் குறைத்தால், அதே ஆறு மடங்கிலும் சிப்பின் எழுதும் ஆயுள் ஒரு கவலையாகவே இருக்காது.

லினக்ஸில் அளப்பது சுலபம். டிஸ்க்ஸ்டாட்ஸ் கோப்பில் எழுதப்பட்ட செக்டர் எண்ணிக்கையை இன்று குறித்து, 24 மணி நேரம் கழித்து மறுபடி குறியுங்கள். வித்தியாசத்தை 512-ஆல் பெருக்கினால் ஒரு நாளில் எழுதிய பைட்டுகள். இஎம்எம்சி 5.0 அல்லது அதற்குப் பிந்தைய சிப் என்றால் எம்எம்சி-யூட்டில்ஸ் கருவி ஆயுள் மதிப்பீட்டையும் காட்டும்: 1 என்றால் பத்து சதவீதம் வரை தேய்ந்திருக்கிறது, 10 என்றால் தொண்ணூறைத் தாண்டிவிட்டது, 11 என்றால் கணித்த ஆயுள் முடிந்துவிட்டது.

குறைக்க வேண்டுமென்றால் வேர்ப் பகிர்வை (இயங்குதளம் இருக்கும் ஃப்ளாஷ் பிரிவை) படிக்க-மட்டும் என்று ஏற்றுங்கள், லாக்கை ராமில் எழுதிப் பிழை வரும்போது மட்டும் ஃப்ளாஷுக்கு இறக்குங்கள், ஸ்வாப்பை (ராம் போதாதபோது ஃப்ளாஷில் எழுதுவதை) அணைத்துவிடுங்கள். தரவுக்குத் தனிப் பகிர்வு கட்டாயம். லாக் நிரம்பி அளவீடு எழுத இடமில்லாமல் போவது நாங்கள் அதிகம் பார்க்கும் பழுது.

விண்டோஸில் ரைட் ஃபில்டர் போட்டால் போதாதா?

யுனிஃபைட் ரைட் ஃபில்டர் நல்ல வசதி. எழுதுவதையெல்லாம் ராமில் ஒரு மேலடுக்கில் பிடித்து வைத்து, மறுதொடக்கத்தில் தூக்கி எறிந்துவிடும். இயல்பான மேலடுக்கு அளவு 1,024 எம்.பி. அது நிரம்பினால் கருவி தடுமாறும். சேமிப்பில் இடம் கொட்டிக் கிடந்தாலும் "இடமில்லை" என்ற பிழை வரும். காரணம் புரியாமல் வட்டை மாற்றுவார்கள். இரவில் ஒருமுறை தானாக மறுதொடக்கம் ஆகும்படி வைத்துவிடுங்கள். பாதுகாப்புப் புதுப்பிப்புகளையும் ஃபில்டர் விலகி நிற்கும் சர்வீசிங் முறைக்கு மாற்றித்தான் போட வேண்டும், இல்லாவிட்டால் மறுநாள் காலை அவையும் போயிருக்கும்.

கருவி எவ்வளவு வேகமாக எழுந்திருக்க வேண்டும்?

அதை வேலைதான் தீர்மானிக்கிறது. அமெரிக்க விதிப்படி, காரில் ரிவர்ஸ் கியர் போட்ட 2 நொடிக்குள் பின்புறப் படம் தெரிய வேண்டும். 2018 மே முதல் புதுக் கார்கள் எல்லாவற்றுக்கும் இது கட்டாயம். முழு ஆண்ட்ராய்டு எழும்பிவரும் வரை காத்திருந்தால் இது நடக்காது. அதனால் கேமராப் படத்தை மட்டும் முதலில் எழும் பூட்லோடரோ சிறு நிகழ்நேர மையமோ நேராகத் திரைக்கு அனுப்பிவிடும். பெரிய இயங்குதளம் பின்னால் சாவகாசமாக எழுந்து வரும்.

லினக்ஸ் இப்போது நிகழ்நேர இயங்குதளம் ஆகிவிட்டதே?

2024 நவம்பரில் வந்த 6.12 பதிப்பில் ப்ரியெம்ப்ட்-ஆர்டி என்ற நிகழ்நேர வசதி முக்கியக் கெர்னலிலேயே சேர்ந்தது. இருபது ஆண்டு உழைப்பின் பலன் அது, மகிழ வேண்டிய செய்தி. ஆனால் உங்கள் போர்டில் உள்ள ஒரு மோசமான டிரைவர் அதைக் கெடுத்துவிடும். தாமதத்தை அளக்கும் சைக்ளிக்டெஸ்ட் நிரலை முழுச் சுமையில், வைஃபையும் யுஎஸ்பியும் ஓடிக்கொண்டிருக்கையில், குறைந்தது ஒரு நாள் ஓட்டி அதிகபட்சத் தாமதத்தைப் பாருங்கள். சராசரி எண்ணை மறந்துவிடுங்கள். மோட்டாரைச் சில மைக்ரோ நொடிக்குள் நிறுத்த வேண்டுமென்றால் அந்த வேலையைத் தனி மைக்ரோகன்ட்ரோலருக்குக் கொடுங்கள்.

நிறுவனம் பாதியில் கைவிட்டால் என்ன ஆகும்?

கைவிட்டிருக்கிறார்கள். கூகுள் 2016 டிசம்பரில் சிறு கருவிகளுக்கான ஆண்ட்ராய்டு திங்ஸை அறிவித்தது. 1.0 பதிப்பு 2018 மே மாதம் வந்தது. 2019 பிப்ரவரியிலேயே அது ஸ்பீக்கர், ஸ்மார்ட் திரை ஆகியவற்றுக்கு மட்டும் என்று சுருக்கப்பட்டது; 2022 ஜனவரி 5 அன்று கருவிகளுக்குப் புதுப்பிப்பு அனுப்பும் கன்சோலும் மூடப்பட்டது. விண்டோஸ் 10 ஐஓடி கோர் 1809 பதிப்போடு நின்றது. தண்ணீர் மீட்டரும் லிஃப்ட் கட்டுப்பாடும் பத்துப் பதினைந்து ஆண்டு சுவரில் இருக்கப் பிறந்தவை.

இந்தியாவில் இதன் பாரத்தை வங்கிகள் சுமந்தன. விண்டோஸ் எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8 அன்று ஆதரவு முடிந்தது. ஏடிஎம்கள் பல அதிலேயே ஓடிக்கொண்டிருந்தன. 2018 ஜூனில் ரிசர்வ் வங்கி காலக்கெடு வைத்தது: செப்டம்பருக்குள் கால்வாசி, டிசம்பருக்குள் பாதி, 2019 மார்ச்சுக்குள் முக்கால்வாசி, ஜூனுக்குள் எல்லா ஏடிஎம்களும் ஆதரவுள்ள பதிப்புக்கு மாற வேண்டும். ஒரு மென்பொருள் மாற்றத்துக்காக ஒவ்வொரு பெட்டியையும் நேரில் போய்த் திறக்க வேண்டியிருந்தது.

பெரிய இயங்குதளத்தில்தானே பாதுகாப்பு அதிகம்?

புராசஸ்களைப் பிரித்து வைக்கும் எம்எம்யு, ஒழுங்காக வரும் பேட்ச் (ஓட்டையை அடைக்கும் திருத்தம்), நன்கு சோதிக்கப்பட்ட நெட்வொர்க் அடுக்கு ஆகியவை உண்மையான பலங்கள். சின்ன இயங்குதளம் என்பதாலேயே யாரும் தப்பிவிடுவதில்லை: 2019-இல் விஎக்ஸ்ஒர்க்ஸின் நெட்வொர்க் அடுக்கில் 11 ஓட்டைகள் வெளிவந்தன.

ஆனால் அந்தப் பலம் பேட்ச் வந்து சேரும் வரைதான். 2017 மே மாதத்தில் பரவிய வான்னாக்ரை என்ற தீநிரல், பழைய விண்டோஸ் போட்ட மருத்துவக் கருவிகளுக்குள்ளும் புகுந்தது. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் டிஎஸ்எம்சியின் சிப் ஆலைகளில் பேட்ச் போடாத விண்டோஸ் 7 இயந்திரங்கள் அதன் ஒரு வகையால் நின்றன. அது பரவிய வழி விண்டோஸின் கோப்புப் பகிர்வுச் சேவை; இத்தகைய கருவிகள் பலவற்றுக்கு அந்தச் சேவையே தேவையில்லை. இயங்குதளத்தோடு கூடவே வந்தது, திறந்தே கிடந்தது.

2024 ஜூலை 19-இல் நடந்தது வேறு வகை. பாதுகாப்பு மென்பொருள் நிறுவனமான கிரவுட்ஸ்ட்ரைக்கின் தவறான கோப்பு ஒன்று 78 நிமிடத்தில் திரும்பப் பெறப்பட்டது. அதற்குள் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் விழுந்துவிட்டன. விமான நிலைய அறிவிப்புப் பலகைகள் நீலத் திரையோடு நின்றன. பலவற்றைச் சரிசெய்ய ஒவ்வொன்றையும் சேஃப் மோடில் எழுப்பிக் கோப்பைக் கையால் அழிக்க வேண்டியிருந்தது. வட்டைப் பூட்டும் பிட்லாக்கர் இருந்தால் 48 இலக்கச் சாவியும் வேண்டும். கூரையில் தொங்கும் திரையில் கீபோர்டு கிடையாது. நேரத்தையும் ஊரையும் காட்டும் பலகைக்கு இத்தனை அடுக்கு தேவையா என்பதை அடுத்த டெண்டரில் கேட்டாக வேண்டும்.

சரி, சின்ன இயங்குதளம் எடுக்கிறோம். எங்கே இடறுவோம்?

ஸ்டாக் அளவில். ஸ்டாக் என்பது ஒவ்வொரு டாஸ்க்கும், அதாவது தனியாக ஓடும் ஒவ்வொரு வேலையும், தன் தற்காலிகத் தரவை வைக்கும் நினைவகம். ஃப்ரீஆர்டிஓஎஸ்ஸின் மூல வடிவத்தில் டாஸ்க்கின் ஸ்டாக் அளவைச் சொல் (வேர்டு) கணக்கில் கொடுக்க வேண்டும். 32 பிட் சிப்பில் ஒரு சொல் 4 பைட். இஎஸ்பி32-க்கான வடிவத்தில் அதே இடத்தில் பைட்டுகளில் கொடுக்க வேண்டும். எஸ்டிஎம்32-இல் 512 என்று எழுதி 2,048 பைட் பெற்ற நிரலை அப்படியே கொண்டுபோனால் 512 பைட்தான் கிடைக்கும். உடனே விழுந்தால் பரவாயில்லை. பக்கத்து நினைவகத்தை அரித்துவிட்டு எப்போதோ விழும். ஸ்டாக் சோதனை அமைப்பை 2-இல் வைத்து, ஸ்டாக்கில் மிகக் குறைவாக மீதமிருந்த அளவைக் காட்டும் ஹை-வாட்டர் மார்க்கைத் தினமும் பதியுங்கள். கால் பங்காவது மீதம் இருக்க வேண்டும்.

அடுத்தது இணைப்பை மறையாக்கும் டி.எல்.எஸ். அதற்கான எம்பெட்-டிஎல்எஸ் நிரல் நூலகத்தின் இயல்பான அமைப்பில் ஒரு இணைப்புக்கு உள்வரத்து 16 கே.பி., வெளிச்செல்ல 16 கே.பி. 20 கே.பி. ராம் உள்ள சிப்பில் அது நுழையவே நுழையாது. வெளிச்செல்லும் பகுதியை 4 கே.பி. ஆக்குவது உங்கள் கையில். உள்வரத்தைக் குறைக்கவோ சர்வர் ஒத்துழைக்க வேண்டும். இல்லையெனில் பெரிய பதிவு ஒன்று வரும் நாளில் இணைப்பு அறுந்துவிடும்.

ஓடும்போது நினைவகம் தரும் ஹீப்பிலிருந்து எடுப்பதும் விடுவதுமாக இருந்தால் நினைவகம் துண்டு துண்டாகி, சில வாரத்தில் பெரிய துண்டு கிடைக்காமல் போகும். தொடக்கத்திலேயே எல்லாவற்றையும் ஒதுக்கிவிடுங்கள்.

வான்வழிப் புதுப்பிப்புக்கு (கேபிள் இல்லாமல் அனுப்புவதற்கு) ஃப்ளாஷில் இரண்டு பகுதிகள் வேண்டும்: ஓடும் பதிப்புக்கு ஒன்று, புதியதுக்கு ஒன்று. 4 எம்.பி. இஎஸ்பி32-இல் ஆர்டுயினோவின் இயல்பான ஃப்ளாஷ் பிரிப்பு ஒவ்வொன்றுக்கும் 1.25 எம்.பி. தருகிறது. முதல் பதிப்பே 1.2 எம்.பி. என்றால் இரண்டாம் பதிப்பு வெளியே போகாது. முதல் பதிப்பை எண்ணூறு கே.பி.க்குள் நிறுத்துங்கள், அல்லது 8 எம்.பி. மாட்யூல் வாங்குங்கள்.

முன்னுரிமைத் தலைகீழாக்கம் செவ்வாய்க் கிரகத்திலேயே நடந்தது. 1997-இல் பாத்ஃபைண்டர் கலம் விஎக்ஸ்ஒர்க்ஸில் அடிக்கடி மறுதொடக்கம் ஆனது. குறைந்த முன்னுரிமை டாஸ்க் பிடித்திருந்த பூட்டுக்காக உயர்ந்தது காத்துக் கிடந்தது. பூட்டில் முன்னுரிமை மரபேற்றத்தை (பூட்டைப் பிடித்திருக்கும் டாஸ்க்கின் முன்னுரிமையைத் தற்காலிகமாக உயர்த்துவதை) இயக்கியதும் சரியானது. நீங்களும் பூட்டுக்கு மியூடெக்ஸ் எடுங்கள். ஃப்ரீஆர்டிஓஎஸ்ஸின் பைனரி செமாஃபோரில் அந்த வசதி இல்லை.

சின்ன இயங்குதளங்களும் அதே பெரிய நிறுவனங்களின் கையில்தானே?

ஆம். ஃப்ரீஆர்டிஓஎஸ் 2017-இல் அமேசானுக்குப் போனது. த்ரெட்எக்ஸை 2019-இல் மைக்ரோசாஃப்ட் வாங்கியது; 2023-இல் எக்லிப்ஸ் அறக்கட்டளைக்குக் கொடுத்துவிட்டது. இரண்டும் இன்று எம்.ஐ.டி. உரிமத்தில் உள்ளன. உரிமையாளர் விலகினாலும் மூல நிரல் உங்கள் வட்டில் இருக்கும், தொடர்ந்து பயன்படுத்தவும் தடையில்லை. ஸெஃபிர் லினக்ஸ் ஃபவுண்டேஷனின் கீழ் இருக்கிறது.

எப்போது பெரிய இயங்குதளமே சரி?

வீடியோ, பெரிய தொடுதிரை, பிரவுசர், பல நெட்வொர்க் இணைப்புகள், பிறர் எழுதிய செயலிகளை ஏற்றும் தேவை ஆகியவற்றில் இரண்டு சேர்ந்தால் லினக்ஸுக்குப் போய்விடுங்கள். சிறு லினக்ஸைக் கட்டித் தரும் பில்ட்ரூட் கருவியில் தேவையானதை மட்டும் சேர்த்தால் சில எம்.பி.யில் முடியும். ஏற்கெனவே விண்டோஸில் உள்ள பெரிய மென்பொருளை மாற்ற முடியாத மருத்துவ, ஆய்வகக் கருவிகளுக்கு ஐஓடி என்டர்பிரைஸின் நீண்டகால ஆதரவுப் பதிப்பான எல்டிஎஸ்சி பொருந்தும்; 2021 பதிப்புக்கு 2032 ஜனவரி வரை ஆதரவு உண்டு.

பழைய எக்ஸ்பி கருவி ஒன்று மாற்ற முடியாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. என்ன செய்வது?

முதல் வேலை, வட்டை அப்படியே நகலெடுப்பது. நகலை வேறு வட்டில் போட்டு, அதே கருவியில் மாட்டி, எழும்புகிறதா என்று பாருங்கள். எழுப்பிப் பார்க்காத நகலை நம்பாதீர்கள். பிறகு கருவியைத் தனி விலேனுக்கு (பிரித்து வைத்த நெட்வொர்க் பகுதிக்கு) மாற்றி, அது பேச வேண்டிய ஒன்றிரண்டு முகவரிகளை மட்டும் ஃபயர்வாலில் அனுமதியுங்கள். கோப்புப் பகிர்வுக்கான 445, தொலை இயக்கத்துக்கான 3389 போர்ட்டுகளை மூடிவிடுங்கள். யுஎஸ்பியில் தானியங்கி இயக்கத்தை அணையுங்கள். தயாரிப்பாளரிடம் மாற்றுப் போர்டு எப்போது, என்ன விலைக்கு, எந்த ஆண்டு வரை ஆதரவோடு வரும் என்று எழுத்தில் கேளுங்கள். ஆண்டு குறிப்பிடாத பதில் வந்தால் அடுத்த கொள்முதலில் அந்த மாதிரியைச் சேர்க்காதீர்கள்.